வளர்ப்பு மகவும் நம் கடமையும்

சிந்தாமணிக் கதையைக் கேட்டு வளர்ந்த நம் இல்லங்களில் கந்துக்கடனையும் சுநந்தையையும் அறியாதார் இலர். அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சிக்கு மன்னன் சச்சந்தன் இரையாக, மயிற்பொறியில் ஏறித் தப்பிய அரசி விசயை சுடுகாட்டில் மகவை ஈன்றாள். இறந்துபோன தன் குழந்தையை ஏந்தி அங்கு வந்த வணிகன் கந்துக்கடன், தனித்துக் கிடந்த அம்மகவை வாரியெடுத்துச் சென்று மனைவியின் கையில் கொடுத்தான். பின்னாளில் சுநந்தைக்கு நந்தட்டன் முதலிய மக்கள் பிறந்தனர். அப்போதும் சீவகனே அவ்வீட்டின் மூத்த பிள்ளையாய் இருந்தான். இக்கதையைச் சொல்லும்போது சீவகனின் வீரத்தையும் அவன் மேற்கொண்ட துறவையும் விரித்துரைக்கிறோம். அவனை வளர்த்தெடுத்த வீட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பெற்றோரை இழந்த குழந்தைக்கு இக்காலத்தில் அத்தகைய வீடு எவ்வாறு கிடைக்கிறது, அவ்வீட்டார்க்குக் குழந்தை நலப் பணிகள் எவ்வாறு துணைநிற்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சுவீகாரம் நமக்குப் புதிதன்று. ஆனால் நம் நெறியில் அதன் நோக்கம் வேறு. பிண்டமிடவும் பிதிர்க்கடன் கழிக்கவும் மகன் வேண்டும் என்ற கொள்கை நமக்கில்லை. உயிர் தன் வினைவழிச் செல்லும். பிறர் இடும் சோறு அதனைக் கரையேற்றாது. ஆகவே சமணரிடையே சுவீகாரம் சமயச் சடங்கன்று, உலகியல் ஏற்பாடே என்பதை நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டன. ஷியோ சிங் ராய் எதிர் தாக்கோ என்னும் வழக்கில் 1878-ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில், மகனில்லாச் சமணக் கைம்பெண் கணவனின் முன்அனுமதி இன்றியே சுவீகாரம் செய்துகொள்ளலாம் என்ற வழக்கத்தை ஒப்புக்கொண்டது. சமணம் வேதநெறியினின்று பிரிந்த கிளையன்று, ஸ்மிருதிகளுக்கு நெடுங்காலம் முற்பட்ட தனிநெறி என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரி கருத்துரைத்ததும் சுவீகாரம் பற்றிய ஒரு வழக்கில்தான் (கட்டெப்பா எதிர் எரம்மா, 1927). சட்டம் பயிலும் நம் இளைஞர்கள் அத்தீர்ப்பைத் தேடிப் படித்தல் நன்று.

நாடு விடுதலை பெற்றபின் வந்த 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் சமணர், பௌத்தர், சீக்கியர் ஆகியோரையும் தன்னுள் அடக்கிற்று. அச்சட்டப்படி, ஒருசார் வழக்கங்கள் தவிர, தத்தெடுக்கப்படும் மகவு 15 வயது நிரம்பாததாகவும் மணமாகாததாகவும் இருத்தல் வேண்டும். ஆண்மகவு உடையார் மற்றோர் ஆண்மகவையும், பெண்மகவு உடையார் மற்றொரு பெண்மகவையும் தத்தெடுத்தல் ஆகாது. தத்தெடுப்பவரும் மகவும் எதிர்ப்பாலாராயின் 21 ஆண்டு வயது வேறுபாடு வேண்டும். தத்த ஹோமம் கட்டாயமில்லை. கொடுப்பவர் கொடுத்து ஏற்பவர் ஏற்றலே இன்றியமையாதது. ஒருமுறை முறைப்படி நிகழ்ந்த தத்தெடுப்பை எவரும் பின்னர் ரத்து செய்ய இயலாது. மணமான பெண் தன் உரிமையில் தத்தெடுக்கலாம் என்ற திருத்தம் இச்சட்டத்தில் 2010-இல்தான் வந்தது.

அண்ணன் மகனைத் தம்பியும், தங்கை மகளை அக்காளும் ஏற்று வளர்க்க இச்சட்டம் போதும். பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்வது பிற்காலத் தொல்லைகளைத் தவிர்க்கும். ஆயினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. நம் சமூகத்தில் இதுகாறும் நிகழ்ந்த சுவீகாரங்களுட் பல, நிலத்துக்கும் வீட்டுக்கும் வாரிசு தேடி நிகழ்ந்தவையே. பெரியவர்களின் தேவை முதலில் நின்றது. குழந்தையின் தேவை பின்னால் வந்தது. இன்றைய குழந்தை நலச் சட்டங்கள் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றியுள்ளன. பெற்றோருக்காகக் குழந்தையைத் தேடுவது அவற்றின் பணியன்று. குழந்தைக்காகப் பெற்றோரைத் தேடுவதே பணி. அபயதானத்தை நான்கு தானங்களுள் ஒன்றாகக் கொண்ட நமக்கு இது விளங்காத கருத்தன்று.

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015-இல் இயற்றப்பட்டு 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழந்தை நலக் குழு இயங்குகிறது. உறுப்பினருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். ஆதரவற்ற குழந்தை எங்குக் கண்டெடுக்கப்பட்டாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இக்குழுவின்முன் கொண்டுவரப்படல் வேண்டும். கண்டவர் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றமே. குழுவின் ஆணைகளைச் செயற்படுத்தவும் குடும்பங்களை நேரிற் கண்டு அறிக்கை அளிக்கவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்னும் அலுவலகம் உண்டு.

இக்குழுவின் முதல் வேலை குழந்தையைத் தத்துக் கொடுப்பது எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பிறந்த வீட்டிலேயே குழந்தை வளர வழியுண்டா என்று பார்ப்பதே முதல் வேலை. கணவனை இழந்து வறுமையில் வாடும் தாய், பேரனைத் தனியே வளர்க்கும் பாட்டி, பெற்றோரிழந்த அண்ணன் மக்களைத் தாங்கும் சிற்றப்பன் ஆகியோர்க்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் நிதி ஆதரவாகக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க வகையுண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊர்ப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் மேற்படலாகாது. தமிழக அரசு 2025-இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது. வறுமை ஒன்றே காரணமாக ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்தல் நலப்பணி ஆகாது. இத்தகைய குடும்பம் நம் தெருவில் இருப்பின், ஒரு வேளை அரிசி கொடுப்பதோடு நில்லாமல் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அலுவலகம் வரை உடன்செல்வது பேருதவி.

நாம் வாழும் ராதாபுரம் வட்டத்தார்க்கு இவ்வலுவலகங்கள் அண்மையில் இல்லை. வள்ளியூர், நாங்குநேரி வழியாகப் பேருந்தேறித் திருநெல்வேலிக்குச் செல்லல் வேண்டும். ஆனால் பெற்றோரற்ற குழந்தைகளை வளர்த்தல் என்னும் செய்தி இப்பகுதிக்குப் புதிதன்று. ராதாபுரத்துக்கு வடமேற்கே மலையடிவாரத்தில் உள்ள டோனாவூரில், அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் குழந்தைகளை ஏற்று வளர்க்கத் தொடங்கினார். கோயிலுக்கு நேர்ந்து விடப்படும் ஆபத்திலிருந்த பெண்குழந்தைகளே தொடக்கத்தில் அங்கு வந்தனர். 1951-இல் மறையும் வரை அவர் தாயகம் திரும்பவில்லை. அவர் சமயம் வேறு. சமய மாற்றம் பற்றி நமக்குள்ள கருத்தும் வேறு. எனினும் குழந்தைகளைப் பெருங்கூடத்தில் வரிசையாகப் படுக்க வைக்காமல், சிறுசிறு வீடுகளில், தாய்போன்ற ஒருவரின் பொறுப்பில் வளர்த்த முறையை நாம் மதித்தே ஆகவேண்டும். இல்லங்கள் எனப்படும் நிறுவனங்கள் கடைசிப் புகலிடமாக இருக்க வேண்டும், குழந்தைக்கு வேண்டியது குடும்பமே என்பது இன்றைய சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று.

இக்கோட்பாட்டின் வழிவந்ததே வளர்ப்புப் பராமரிப்பு. இது தத்தெடுப்பு அன்று. பெற்றவர் சிறையிலோ நோய்ப்படுக்கையிலோ இருக்கலாம், மனநிலை குன்றியிருக்கலாம், தத்தெடுக்க எவரும் முன்வராத வளர்ந்த பிள்ளையாகவும் இருக்கலாம். அக்குழந்தையைக் குழந்தை நலக் குழுவின் ஆணைப்படி ஒரு குடும்பம் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்று வளர்க்கிறது. பெற்றவரின் உரிமை அழிவதில்லை. குழந்தையின் நலனுக்குக் கேடில்லையெனில் அவர் வந்து பார்க்கவும் கூடும். உடன்பிறந்தாரைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்க முயல வேண்டும் என்பது விதி. வளர்ப்புக் குடும்பத்துக்கும் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. குழந்தையின் நலனை மாதந்தோறும் பார்வையிட்டு அறியும் ஏற்பாடும் உண்டு. 2024-இல் வெளியான மாதிரி வழிகாட்டு நெறிகள் மணமாகாதோரும் கைம்பெண்டிரும் உட்பட, 35 முதல் 60 வயது வரையுள்ள தனியரும் குழந்தையை வளர்க்க இடமளித்தன. ஐந்து ஆண்டு வளர்த்தபின்னரே அக்குழந்தையைத் தத்தெடுக்கக் கோரலாம் என்றிருந்த நிலையும் இரண்டு ஆண்டாகக் குறைந்தது.

இவ்விடத்தில் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொந்த ஊரிலிருந்து ஏழைக் குடும்பத்துப் பெண்குழந்தையைக் ‘கூடமாட ஒத்தாசைக்கு’ என்று அழைத்துவந்து, ‘எங்கள் வீட்டுப் பிள்ளைபோல் வளர்க்கிறோம்’ என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் பல சமூகங்களில் இருந்தது, நம்மிலும் இருந்தது. வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் செல்ல, இப்பிள்ளை பாத்திரம் துலக்கினால் அது வளர்ப்பன்று. 14 வயது நிரம்பாத குழந்தையை எவ்வேலையிலும் அமர்த்துதல் கூடாதென 2016-இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. எறும்பு மிதிபடாமல் நடக்கப் பழகிய நாம், அடுப்பங்கரையில் நிற்கும் அச்சிறுமியைக் காணாதிருத்தல் எவ்வாறு?

இனித் தத்தெடுப்புக்கு வருவோம். பெற்றவளே குழந்தையை வளர்க்க இயலாதெனக் கருதினால், குழுவின்முன் வந்து ஒப்படைக்கலாம். அவளுக்கு முதலில் ஆற்றுப்படுத்துதல் நடைபெறும். ஒப்படைத்தபின் மனம் மாறித் திரும்பப் பெறவும் இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தையாயின் பெற்றோரைத் தேடும் முயற்சி நடைபெறும். இரண்டு வயது வரையுள்ள குழந்தையெனில் இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்டதெனில் நான்கு மாதத்திலும், தத்தெடுப்புக்குச் சட்டப்படி தகுதியுடையது என்று குழுவின் உறுப்பினர் மூவரேனும் கூடி முடிவு செய்வர். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை நம் வாசகர் அறிவர். தொட்டிலில் இடப்பட்ட குழந்தையும் இவ்வழியே வருதல் வேண்டும்.

குழந்தை வேண்டுவோர் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிவு செய்கின்றனர். இவ்வாணையம் 1990-இல் தோன்றியது. 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்கத் தம்பதியரின் கூட்டு வயது 85-க்கு மேற்படலாகாது, தனியராயின் 40. குழந்தையின் வயது கூடக்கூட இவ்வரம்பும் உயர்கிறது. தனித்து வாழும் ஆண்மகன் பெண்குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. பதிவு செய்தபின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, வருமானம், உடல்நலம், குடும்பத்தாரின் மனநிலை ஆகியவற்றை விசாரித்து அறிக்கை எழுதுவார். ‘நம் வீட்டு அடுக்களை வரை வந்து கேட்கிறார்களே’ என்று சிலர் சினங்கொள்வதுண்டு. மகளுக்கு வரன் பார்க்கும்போது நாம் விசாரிக்காததா? இது ஒரு சிசுவின் முழு வாழ்வு. முறை வந்ததும் குழந்தையின் விவரம் அனுப்பப்படும்; 48 மணி நேரத்துக்குள் ஏற்பதைத் தெரிவிக்க வேண்டும். பின் குழந்தை தத்துக்கு முந்திய வளர்ப்பாக வீட்டுக்கு வரும். முன்னர் நீதிமன்றம் பிறப்பித்த தத்தெடுப்பு ஆணையை 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். நம் மாவட்டத்தார்க்குத் தாமிரபரணிக் கரையில் கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியரகமே அவ்விடம். ஆணைக்குப்பின் வளர்ப்புப் பெற்றோரின் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும்.

இவ்வழி நீண்டது, சிறு குழந்தைக்கு மூன்றாண்டுக்கு மேலும் காத்திருக்க நேர்கிறது. அக்காத்திருப்பில்தான் ஆபத்து நுழைகிறது. ‘தெரிந்த செவிலி இருக்கிறார், பணம் கொடுத்தால் நம் பெயரிலேயே பிறப்பைப் பதிந்து தருவார்’ என்று ஒருவர் காதோடு சொல்வார். 2019-இல் ராசிபுரத்தில் குழந்தை விலை பேசும் ஒலிப்பதிவு வெளியாகி, ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் கைதானதும் வழக்கு குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டதும் நாளிதழ்களில் வந்தவையே. 2021-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது, பெற்றோரை இழந்த சிசுக்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கைப்பேசிகளில் உலவிய செய்திகளை இரக்கத்தால் பரப்பியவர்களுள் நம்மவரும் இருந்தனர். ஆதரவற்ற குழந்தையை முறை தவறிக் கொடுப்பதும் பெறுவதும் மூன்றாண்டு வரை சிறைக்கும், விற்றலும் வாங்கலும் ஐந்தாண்டு வரை கடுஞ்சிறைக்கும் உரிய குற்றங்கள்; மருத்துவமனை ஊழியர் செய்தால் ஏழாண்டு வரை செல்லும். தண்டனையினும் கொடியது வேறொன்றுண்டு. பொய்ச் சான்றிதழால் வந்த குழந்தைக்கு, விசாரணை எழுந்தால், தாயென்று அறிந்த மடியே பறிபோகும். கள்ளாமையும் பொய்யாமையும் அணுவிரதங்களாக உடைய நாம் இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

குழந்தை வீடு வந்தபின் எழும் பெருங்கேள்வி, உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்பது. மறைத்தலே அன்பு என்று முதியோர் கருதுவர். நம் கருத்து வேறு. சிந்தாமணியிலேயே இதற்கு விடையுண்டு. ஆசிரியர் அச்சணந்தி சீவகனிடம் அவன் பிறப்பு வரலாற்றைப் பிறன் ஒருவனின் கதைபோலச் சொல்கிறார். அக்கதை தன் கதையே என்றறிந்த சீவகன் மயங்கி வீழ்கிறான். எழுந்ததும் பகைவன்மீது பாயத் துடிக்கும் அவனை ஓராண்டு பொறுக்குமாறு உறுதி வாங்குகிறார் ஆசிரியர். காளைப் பருவத்தில், ஒரே நாளில், முழு உண்மையும் கேட்டால் மனம் என்ன பாடுபடும் என்பதைத் திருத்தக்கதேவர் அறிந்திருந்தார். ஆதலின் மூன்று நான்கு வயதிலேயே, கதை சொல்லும் மடியிலேயே, ‘நீ எங்கள் வயிற்றில் பிறக்கவில்லை, நாங்கள் உன்னைத் தேடிச்சென்று அழைத்து வந்தோம்’ என்று சொல்லிப் பழக்குதல் வேண்டும். அத்தையோ அண்டை வீட்டாரோ சினத்தில் சொல்லி அறிவதைவிடத் தாய் சொல்லி அறிவது எவ்வளவோ மேல். 18 வயது நிரம்பியபின் தன் பிறப்பு மூலத்தை அறிய விரும்பினால் விண்ணப்பிக்கவும் ஒழுங்குமுறைகளில் இடமுண்டு. அவ்விருப்பம் நன்றி மறத்தலன்று. விசயையைக் கண்டபின்னும் சீவகன் சுநந்தையைத் துறக்கவில்லை.

ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த நாம் பள்ளியைப் பற்றியும் சொல்லாதிருத்தல் ஆகாது. முன்பொரு மாதிரிப் பாடத்தில் பயிற்சி மாணவி ஒருவர் குடும்ப மரம் வரையச் சொன்னார். எல்லாரும் பாட்டன் பாட்டி பெயர்களைக் கிளைகளில் எழுத, ஒரு சிறுவன் அடிமரத்தை மட்டும் வரைந்து பழுப்பு வண்ணம் தீட்டிக்கொண்டே இருந்தான். அவன் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை. அதன்பின் எம் பயிற்சிப் பாடத்திட்டத்தில் ‘என்னை வளர்ப்பவர்கள்’ என்றே அத்தலைப்பை வழங்கினோம். வேர்களில் ஒரு பெயரும் கிளைகளில் வேறு பெயர்களும் எழுதலாம் என்றும் சொன்னோம். பிறந்தபோது எடுத்த படத்தைக் கொண்டுவா என்று கேட்பதும், ஆசிரியர் அறையில் ‘அது எடுத்து வளர்க்கிற பிள்ளை’ என்று தாழ்குரலில் பேசுவதும் இன்றும் நிகழ்வன. சுவருக்கு அப்பால் அக்குழந்தையின் செவி உண்டு.

மூன்று வயதைக் கடந்து வரும் குழந்தையைப் பற்றித் தனியே அறிதல் வேண்டும். முதற்சில வாரங்கள் அது மிக நல்ல பிள்ளையாய் இருக்கும். பின்னர் பொருள்களை உடைக்கும், உணவைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும், இரவில் அலறும். ‘இவ்வளவு செய்தும் இப்படியா’ என்று பெற்றோர் நொந்துபோவர். அது தீய குணமன்று. இவர்களும் என்னை விட்டுவிடுவார்களோ என்று அக்குழந்தை சோதித்துப் பார்க்கும் முறை. இதனை அறியாமல், ஏற்ற குழந்தையைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டவர்களும் உண்டு. இரண்டாம் முறை கைவிடப்பட்ட குழந்தை மூன்றாம் வீட்டை எளிதில் நம்பாது.

இத்தகைய வேளைக்கென்றே பின்தொடர் பணி வகுக்கப்பட்டுள்ளது. தத்துக்கு முந்திய வளர்ப்பில் குழந்தை வீடு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். கூடங்குளம், மகேந்திரகிரி என்று பணி நிமித்தம் இப்பக்கம் வந்து, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சுற்றத்தாரை விட்டுத் தொலைவில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பாட்டியும் பெரியம்மையும் அருகில் இலர். அவ்வருகை அவர்களுக்குப் பெருந்துணை. ஆனால் நடப்பது என்ன? பணியாளர் வரும் நாளில் வீட்டைக் கழுவித் துடைத்து, குழந்தைக்குப் புத்தாடை உடுத்தி, ‘ஒரு குறையும் இல்லை’ என்று சொல்லிப் பாயசம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அண்டை வீட்டார் கேட்டால் உறவுக்காரர் என்கிறோம். குழந்தை உறங்கவில்லை, பள்ளியில் ஒட்டவில்லை, நமக்கே மனம் சோர்கிறது என்பவற்றை அவரிடம் சொன்னால்தான் ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்புவார். தேவைப்படின் மருத்துவரையும் காட்டுவார். அவர் தேர்வுக்கு வந்த கல்வி அதிகாரி அல்லர். இரண்டு ஆண்டு முடிந்தபின்னும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை நாடலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றும் எவ்வேளையிலும், அது நம் வீட்டுப் பிள்ளையாயினும் எதிர்வீட்டுப் பிள்ளையாயினும், 1098 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.